முதல் பெஞ்சில் தூங்க முடியாது

அறையில் இருந்தது ஒரு கட்டில். நாங்கள் இரண்டு பேர். ராத்திரி ரங்கராஜுக்கு, பகல் எனக்கு என்று பேச்சு. நான் சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் மூன்றாம் ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வெளியே வருவேன். ரங்கராஜ் வெள்ளகோவில்காரன், பி.காம். இரண்டாம் வருடம். பதினொரு மணிக்கு முன்னால் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. பதினொன்றுக்கு மேல் பக்கத்து மாவு மில் ஓடத் தொடங்கும். அதில் கட்டில் தானாகவே நகரும். தரையில் படுக்கலாமென்றால், கட்டில் போக மிச்ச இடம் ஸ்டவ்வுக்கும் இரண்டு பெட்டிக்கும் சரியாக இருந்தது.

அந்த மாதம் மிஷின் ஓரத்தில் நின்றபடியே இரண்டு முறை தூங்கிவிட்டேன்.

"மூணாவது தடவை தூங்குனயின்னா, அப்படியே ஊட்டுக்குப் போய்த் தூங்கிக்க. இங்க வர வேண்டாம்," என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை ரங்கராஜை உலுக்கினேன்.

"எந்திரிடா. காலேஜ் இல்லையா?"

"மொத பீரியடு கமர்ஷியல் லா. புதுசா ஒரு சார், இன்னைக்குத்தான் ஆரம்பிக்கறாரு. அவருக்கு என்ர மூஞ்சியே தெரியாது."

"அட்டென்டன்ஸ் இல்லீன்னா ஹால் டிக்கெட் குடுக்க மாட்டாங்களே?"

"அதத்தான் யோசிச்சுட்டே தூங்கறேன்." ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "நீ போயேன்டா. நூத்திப் பத்துப் பேர்ல உன்னை யாரு பாக்கப் போறா? கடைசி பெஞ்சுக்கு மேலயே ஃபேன் இருக்குது. நல்லாத் தூங்கலாம்."

முட்டாள்தனமான யோசனைதான். ஆனால் ஃபேன் என்றான். போனேன்.

கடைசி பெஞ்சு எனக்குப் புதிதில்லை. நானும் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்தோடு நின்றவன்தான். அங்கே உட்கார்ந்ததைத் தவிர நான் கல்லூரியில் வேறொன்றும் செய்யவில்லை. ஒன்றை மட்டும் மறந்திருந்தேன். கடைசி பெஞ்சில் இடம் பிடிக்க ஒன்பது மணிக்கே வர வேண்டும். ஒன்பதரைக்குப் போனவனுக்கு முதல் பெஞ்சுதான் காலி. அந்தப் புது சார் அமீர் ஹம்சா கையை நீட்டினால் என் தலை.

அங்கே கொட்டாவிகூட விட முடியாது. கை நின்றால் கண் மூடிக்கொண்டது. ஆகவே அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன். எழுதியும் தலை சாய்ந்தபோது எழுந்து நின்றேன். எழுந்தவன் சும்மா நிற்க முடியாதே என்று ஒரு சந்தேகம் கேட்டேன். தினமும் கேட்பதற்கு ஏதாவது வேண்டுமல்லவா? பஸ்ஸில் நின்றுகொண்டே இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். வகுப்பு முடிந்ததும் இன்னொரு சந்தேகத்தோடு ஸ்டாஃப் ரூம் வரை போவேன். அங்கே டீ கிடைக்கும்.

முதல் டெஸ்ட்டில் ரங்கராஜ் எழுபத்தெட்டு வாங்கினான். தூக்கத்திலேயே.

வகுப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. சாந்தாமணி என்ற பெண் மட்டும் ஒருநாள் வராந்தாவில் மறித்தாள்.

"ஏனுங்ணா, ப்ராக்சி குடுக்கறது செரி. எதுக்குங்ணா படிக்கறீங்க? உங்களக் காட்டிக் காட்டி எங்களத் திட்டறாருங்ணா."

சார் அதோடு நிற்கவில்லை. ரங்கராஜின் அப்பா வெள்ளியங்கிரிக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டார். முதல் பெஞ்சு, ஓயாமல் குறிப்பு, ஓயாமல் சந்தேகம், இப்படி ஒரு மாணவனைப் பார்த்ததில்லை என்று. குறை சொல்லி எழுதியிருந்தால் வெள்ளியங்கிரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முருங்கைக்காய் மண்டிக்குப் போயிருப்பார். அப்படிப்பட்ட கடிதங்கள் அவருக்குப் பழக்கம். பாராட்டு வந்ததில் பயந்துபோய் முதல் பஸ் ஏறிவிட்டார்.

அன்று முப்பத்தெட்டாவது வகுப்பு. ஏஜென்ட் செய்யும் காரியம், அவனை அனுப்பிய பிரின்சிபலே செய்ததற்குச் சமம் என்று சார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு மஞ்சள் பை, அதிலிருந்து நீட்டிக்கொண்டு முருங்கைக்காய்கள், பின்னால் வெள்ளியங்கிரி.

"ஏனுங்க சார், நான் ரங்கராஜோட அப்பனுங்க. கடுதாசி வந்துச்சுங்க. பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"வாங்க, வாங்க. தங்கமான பையனுங்க." சார் என் தோளில் கை வைத்தார். "எப்பவும் இதே எடந்தான்."

மாதம் ஒருமுறை எங்கள் அறைக்கு வந்து போகிறவர் வெள்ளியங்கிரி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, எழிலு! ஷிப்ட் முடிஞ்சுதா கண்ணு? அவன் எங்க, இன்னும் தூங்கறானா?"

நூற்றுப் பத்துப் பேரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"யாருப்பா நீ?"

"ஏஜென்ட் சார்." பலகையைக் காட்டினேன். "நான் வந்தது அவன் வந்த மாதிரித்தானுங்களே?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. ஆனா தப்பு. தானே செய்ய வேண்டியதுக்கு ஏஜென்ட் வெக்க முடியாது. பசிச்சா சாப்பிட ஆள் அனுப்புவியா?"

பழக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.

முப்பத்தெட்டு வருகையும் எழுபத்தெட்டு மார்க்கும் அடிக்கப்பட்டன. வருடத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டு வகுப்பு. ஹால் டிக்கெட்டுக்கு வேண்டியது நூற்றுப் பதினாலு. மிச்சமிருந்ததும் நூற்றுப் பதினாலு. ரங்கராஜ் ஒருநாள்கூட விட முடியாது. உட்காருவதும் முதல் பெஞ்சில்தான் என்றார் சார்.

"நான் இங்கயே இருந்து தெனமும் தள்ளி உடறேனுங்க," என்றார் வெள்ளியங்கிரி.

எனக்கு உள்ளூர சந்தோஷம். இனி காலையில் கட்டில் காலி.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். ரங்கராஜைக் குளிப்பாட்டாத குறையாக அனுப்பிவைத்துவிட்டு, கட்டிலில் வெள்ளியங்கிரி படுத்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். "அவன எழுப்பி எழுப்பி இடுப்பே உட்டுப்போச்சு கண்ணு. நீ படுத்துக்க, நான் அப்படி வெளியில உக்காந்துக்கறேன்."

"அய்யோ, இல்லீங்க. நீங்க படுங்க," என்றேன். எங்கள் ஊரில் இதற்கு வேறு பதில் கிடையாது. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மறுபடியும் பஸ் ஏறினேன்.

சார் வாசலில் என்னைப் பார்த்தார். "உம் பேரு ரிஜிஸ்டர்ல இல்லையே."

"இல்லீங்க சார். கட்டிலும் இல்லீங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ, முதல் பெஞ்சைக் கை காட்டினார். ரங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் கூப்பிட்டபோது இரண்டு பேரும் "எஸ் சார்" என்றோம்.

ஐந்து நிமிடத்தில் ரங்கராஜின் தலை சாய்ந்தது. தொடையில் கிள்ளினேன். "எழுதுடா. கை நின்னாக் கண்ணு மூடிக்கும்." எழுதினான். "அதுக்கும் மேல போனா எந்திரிச்சு நில்லு."

எனக்கு அட்டென்டன்ஸ் கிடையாது. என்னைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை. மேஜையில் தலையை வைத்தேன். இங்கேயும் ஒரு ஃபேன், நேர் மேலே.

பக்கத்தில் ரங்கராஜ் எழுந்து நின்று ஏதோ சந்தேகம் கேட்பது காதில் விழுந்தது. சார் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.