தொட்டாச்சிணுங்கியின் கணுக்கால்

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிப்போயிருந்தன. உலக்கை குனிந்து முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டு வாயால் மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது. கால்வரைக்கும் போய்ச் சேரவில்லை. ஆட்டம் முடிய இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

உலக்கை என்பது ரசிகர்கள் வைத்த பெயர். நேராக ஏறுவான், நேராக இறங்குவான், வளைந்து கொடுக்கத் தெரியாது. கால்பந்தில் கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்கு அந்தக் குணம் போதும் என்றுதான் இத்தனை வருஷம் சோறு போட்டார்கள். ஆனால் இன்றைக்கு எதிரே விளையாடுகிறவர்கள் மோதவே வரவில்லை. பந்தை வைத்துக்கொண்டு, தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கி, பின்னால் திருப்பி, மறுபடியும் பக்கவாட்டில் தட்டி, மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இவர்களை இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனால் பந்து போய்விடும். போகாவிட்டால் கோச் வெளியிலிருந்து கத்துவார்.

உலக்கையின் அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அவனும் பதினெட்டு வயதுவரை அவருக்குப் பின்னால் நின்று தூக்கியிருக்கிறான். மூட்டை தூக்கினால் முதுகு போகும், சரி. ஆனால் தூக்கியதற்கு ஒரு மூட்டையாவது தோளில் இருக்கும். இங்கே ஒன்றையுமே தொடாமல் உடம்பு தேய்ந்துகொண்டிருந்தது. வெறுங்கையோடு நாள் முழுக்கச் சுமை ஏறி இறங்குவது மாதிரி.

இந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தால் போதும், இவர்கள் கிளப் இரண்டாம் பிரிவில் தங்கிவிடும். ஒரு கோல் விழுந்தால் கீழே போகும். காலையில் பஸ் ஏறும்போது செயலாளர் படியில் நின்றபடியே சொல்லியிருந்தார். “கீழ போனா முப்பது தாண்டின ஒருத்தரையும் வச்சிக்க முடியாது. மூஞ்சிய பாத்து மறைக்க எனக்குத் தெரியாது, அதான் முன்னாடியே சொல்லிடறேன்.” உலக்கைக்கு முப்பத்து நாலு. ஆட்டத்தை விட்டால் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை கிடங்கு வேலை. அதற்கும் இந்த முட்டி இனி ஒத்துழைக்காது.

“என்ன மச்சான், மூச்சு வாங்குது? வீட்டுக்கு வா, உன் தங்கச்சிய வெந்நீர் போடச் சொல்றேன்.”

பக்கத்தில் வந்து நின்றவன் தொட்டாச்சிணுங்கி. எதிரணியின் முன்கள ஆட்டக்காரன், உலக்கையின் தங்கை புருஷன். இலையைத் தொட்டால் சுருண்டுவிடுகிற செடி மாதிரி, எவன் மூச்சுக்காற்று பட்டாலும் சுருண்டு விழுகிறவன் என்பதால் அந்தப் பெயர். வீட்டில்கூடச் சிணுங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடியவர்கள். உலக்கைதான் அவனைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிவந்தான். வந்தவன் நாலாம் தடவை வரும்போது தங்கைக்கு வளையல் வாங்கி வந்தான்.

“நீ முதல்ல ரெண்டு கால்ல நில்லு மாப்ள. அப்புறம் எனக்கு வெந்நீர் போடலாம்.”

சிணுங்கி சிரித்துக்கொண்டே ஓடினான்.

போன மாதம் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு வந்தது. நீ விழுகிறதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று உலக்கை சொன்னான். சிணுங்கி கோபப்படவில்லை. மேஜையில் இருந்த டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினான். “நாங்க உங்ககிட்டேருந்து பந்தை எடுக்கல மச்சான். உங்க காலை எடுக்கிறோம். ஒரு மணி நேரம் உங்கள ஓட வச்சிட்டா, அப்புறம் உங்க காலு ஒரு இமைப்பு லேட்டாத்தான் வரும். அந்த நேரத்துல நான் என் காலை அங்க விட்டுட்டு நிப்பேன். வந்து படும். விழுவேன். இதுல என்ன பொய் இருக்கு? பட்டது பட்டதுதானே. ரெஃப்ரிக்குக் கேக்கிற மாதிரி கொஞ்சம் சத்தமா சொல்றேன், அவ்வளவுதான்.”

“படாமயே சொல்றியே, அது?”

“அது அட்வான்ஸ்” என்றான் சிணுங்கி. தங்கைக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

அந்த இமைப்பு எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு வந்தது.

பந்து இடப்பக்கம் போய், பின்னால் திரும்பி, வலப்பக்கம் போய், நடுவில் ஒரு சந்து திறந்தது. சிணுங்கி கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள் பந்தை வாங்கினான். பெருவிரல் நுனியால் அதை முன்னே தள்ளிவிட்டு, இடது காலை அங்கேயே விட்டுவைத்தான். தூண்டில் என்று உலக்கைக்கு நன்றாகத் தெரிந்தது. நீட்டாதே என்று காலுக்குச் சொன்னான். கால் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. புத்தி போய் அதைப் பிடிப்பதற்குள் மொத்த உடம்பின் கனத்தோடும் இறங்கிவிட்டது.

சிணுங்கியோ அதற்கு முன்னாலேயே விழத் தொடங்கியிருந்தான். கைகள் விரிந்துவிட்டன, முதுகு வளைந்துவிட்டது. உடம்பு மேலே போய்க்கொண்டிருக்க, விட்டுவைத்த கால் மட்டும் தரையில் இருந்தது. அந்தக் கணுக்காலின் மேல்தான் உலக்கையின் பூட்ஸ் இறங்கியது. அடியில் ஏதோ நகர்ந்தது. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளியின் பிடி அறுகிற மாதிரி ஒரு சத்தம்.

சிணுங்கி புரண்டான். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. விழும்போதெல்லாம் மைதானத்துக்கு வெளியே ரோட்டில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறுகிறவன், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா கிடந்தான்.

உலக்கைக்குப் புரிந்துவிட்டது. பிறகு எத்தனை யோசித்தாலும், புரியவில்லை என்று தன்னையே ஏமாற்ற அவனால் முடியவில்லை. அந்த நொடியில் எல்லாம் தெரிந்தது. கால் போய்விட்டது என்பது தெரிந்தது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதும், அவர் நின்ற கோணத்தில் தன் முதுகுதான் மறைப்பு என்பதும் தெரிந்தது. விசில் பெனால்டிக்கு ஊதினால் கிளப்பும் போயிற்று, தானும் போனோம் என்பதும் தெரிந்தது.

“நடிப்பு சார்! நடிப்பு! தொடக்கூட இல்ல!” இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினான். கத்தினது போதாது என்று பட்டது. குனிந்து சிணுங்கியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். விழுந்து நடிக்கிறவனை எதிராளி இப்படித் தூக்கி விடுவது எல்லா மைதானத்திலும் நடக்கிறதுதான். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாட்சி.

“மச்சான், விடு. விடு மச்சான்.” சிணுங்கி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். உச்சந்தலையில் வியர்வை வாடை. கனம் முழுவதும் அந்தக் காலில் இறங்கியபோது அவன் விரல்கள் உலக்கையின் பிடரியில் பதிந்தன. கூட்டம் ஊளையிட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் கட்டிப்பிடித்துச் சண்டை போடுகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள்.

நடுவர் ஓடிவந்து மஞ்சள் அட்டையைச் சிணுங்கியின் முகத்துக்கு நேரே காட்டினார். நடித்ததற்கு.

சிணுங்கி இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் உட்கார்ந்தான். அவனுடைய அணியில்கூட ஒருவன், எழுந்திருடா, நேரம் போகிறது என்று சலித்துக்கொண்டான். ஸ்ட்ரெச்சர் வர வெகுநேரம் ஆனது.

கோல் விழவில்லை. உடை மாற்றும் அறையில் தண்ணீர் பாட்டில்களைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஆடினார்கள். கோச் உலக்கையின் கன்னத்தைக் கிள்ளினார். “சொந்த மாப்பிள்ளைன்னுகூட பாக்கல பாரு, புடிச்சி நிறுத்திட்டான். இவன் உலக்கை இல்லடா, ஜட்ஜு!” செயலாளர் வந்து, நாளைக்கு அலுவலகத்துக்கு வா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டுவிடலாம் என்றார். கோல்கீப்பர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

“பட்டுச்சா?”

“நீதானே பின்னாடி நின்ன.”

“எனக்கு உன் முதுகுதான் தெரிஞ்சுது.” அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம், புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு உலக்கை ஆஸ்பத்திரிக்குப் போனான். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். சிணுங்கியின் காலைச் சுற்றி இரும்புக் கம்பிகள் வட்டமாக நின்றன. கம்பி தோலுக்குள் நுழைகிற இடங்களில் மஞ்சளாக மருந்து காய்ந்திருந்தது. தங்கை கட்டிலுக்குக் கீழே குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகம் வீங்கியிருந்தது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“எலும்பு விரிசலோட நின்னிருந்தா நாலஞ்சு மாசத்துல ஆடியிருக்கலாமாம்ணா. அந்தக் கால்ல நின்னதுலதான் எல்லாம் விலகிப்போச்சாம். இனிமே நடக்கலாம். ஆட்டமெல்லாம்...” பிறகு, “நீ தூக்கி நிறுத்தினியே, அது டிவியில தெரியுது. உனக்கென்ன தெரியும், எப்பவும் போல விழுந்துட்டாருன்னு நினைச்ச. நான் உன்ன ஒண்ணும் சொல்லல” என்றாள்.

அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சிணுங்கி போனை நீட்டினான். யாரோ அந்தக் காட்சியை எடுத்துப் பின்னணியில் அழுகைப் பாட்டு போட்டிருந்தார்கள். ஒரே கேமரா, எதிர்ப்புறத்தில் இருந்தது. உலக்கையின் முதுகு, அதற்கு இரண்டு பக்கமும் விரிந்த சிணுங்கியின் கைகள், அவ்வளவுதான் தெரிந்தது. கீழே ஆட்கள் எழுதியிருந்ததை எல்லாம் சிணுங்கியே படித்துக் காட்டினான். “‘கால் உடைஞ்சதுக்கும் நடிப்பு விருது குடுங்க.’ இது நல்லாயிருக்கு இல்ல மச்சான்?” சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியது.

“அத மூடி வை மாப்ள.”

“எங்க கிளப் மேனேஜர் வெளிய வராந்தாவுல உக்காந்திருக்கான். பாத்தியா? ரெஃப்ரி நடிப்புன்னு எழுதிட்டாராம். நடிக்கப் போய் நானே காலை முறுக்கிக்கிட்டேன், கிளப்புக்குப் பொறுப்பில்லன்னு கையெழுத்துக் கேக்கிறான். போட்டா வைத்தியமும் என் தலையில, மிச்சமிருக்கிற ஒப்பந்தமும் போச்சு. போடலைன்னா சண்டை போடணும். சண்டை போட எனக்கு ஒண்ணு தெரியணும்.”

அவன் கைகளை ஊன்றி உடம்பை மேலே இழுத்துக்கொண்டான். கம்பி அசைந்ததும் கண்ணை மூடித் திறந்தான்.

“நான் முன்னாடியே விழ ஆரம்பிச்சிட்டேன் மச்சான். அது எனக்கே தெரியும். அதுக்கப்புறம் கால்ல ஏதோ வந்து விழுந்துச்சு. இல்ல, விழுந்த மாதிரி இருந்துச்சு. படாததையெல்லாம் பட்டுச்சு பட்டுச்சுன்னு இத்தனை வருஷம் கத்தி, இப்ப நிஜமா பட்டுச்சான்னு என் காலே எனக்குச் சொல்ல மாட்டேங்குது. ராத்திரி பூரா படுத்து யோசிச்சேன். ஒரு நேரம் பட்டுதுன்னு தோணுது, ஒரு நேரம் இல்ல. அங்க இருந்தது நாம ரெண்டு பேருதான். நீ சொல்லு. உன் கால் பட்டுச்சா?”

தங்கை பையை மூடிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ் பின்னோக்கி வந்து நிற்கிற சத்தம். உலக்கையின் சட்டைப் பையில் கிளப் கொடுத்த பேனா இன்னும் இருந்தது. பட்டது என்று சொன்னால் இங்கே தெரியும், பிறகு வராந்தாவில் தெரியும், சாயங்காலத்துக்குள் லீக் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும். ஆறு மாதமாவது தடை போடுவார்கள். தடை வாங்கின முப்பத்து நாலு வயதுக்காரனைச் செயலாளர் எந்த முகத்தோடு வைத்துக்கொள்வார்? அதையெல்லாம்கூடத் தாங்கலாம். பட்டது என்றால், பட்டது தெரிந்துமா தூக்கி நிறுத்தினாய் என்று அடுத்த கேள்வி இவள் வாயிலிருந்து வரும்.

“படல மாப்ள” என்றான்.

குரல் சரியாகத்தான் வந்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிணுங்கி மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான், கணக்கு முடிந்துவிட்டது என்பதுபோல. “அப்ப நானாத்தான்” என்றான்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றாள் தங்கை. அவளுடைய கோபம் முழுவதும் இப்போது போக ஒரு இடம் கிடைத்துவிட்டது. “விழாதீங்க விழாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அட்வான்ஸாம், அட்வான்ஸு! ராத்திரியெல்லாம் பட்டுச்சு பட்டுச்சுன்னு என்னையும் தூங்க விடாம, எங்கண்ணன் மேல பழியப் போட்டு... எங்கண்ணன் முரடனா இருக்கலாம், பொய் சொல்ல மாட்டான்.”

“நான் பழி போடல, கேட்டேன்.”

“கேட்டாச்சு இல்ல? கூப்பிடறேன் அந்த ஆள. கையெழுத்த போட்டுட்டு விடுங்க. இல்லாத ஒண்ணுக்கு யாரோட போய் சண்டை போடறது?”

அவள் வராந்தாவுக்குப் போனாள். சிணுங்கி கையை நீட்டி உலக்கையின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி ஈரமாக இருந்தது.

“தப்பா எடுத்துக்காத மச்சான். உன்னப் போய் சந்தேகப்பட்டுட்டேன்.”

“பரவால்ல, விடு.”

மேனேஜர் இளைஞன், கசங்காத சட்டை போட்டவன். உள்ளே வந்து, காகிதத்தை வைக்க ஒரு அட்டையைத் தேடினான். கிடைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தான். பேனா யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டான். உலக்கை தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சிணுங்கி படுத்தபடியே எழுதியதால் மை சரியாக இறங்கவில்லை. இரண்டு தடவை உதறி, மூன்றாவது தடவை எழுதினான். தங்கை அவன் முதுகுக்குப் பின்னால் தலையணையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

மேனேஜர் போன பிறகு, கடையில் கஞ்சி வாங்கி வருகிறாயா அண்ணா என்றாள் அவள். உலக்கை தூக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். ஒவ்வொரு படிக்கும் கெண்டைக்கால் இழுத்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்து நின்றான். திரும்பி மேலே போக நாற்பது படிகூட இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழேயே இறங்கினான்.

மிதித்தது தன் கால்தான், எலும்பு போன சத்தம் தன் காதில் விழுந்தது, அதைக் கேட்ட பிறகுதான் அவனைத் தூக்கி நிறுத்தியது. தங்கை புருஷனுக்கு அவன் தர வேண்டிய பாக்கி இது. இன்னும் தரவில்லை.