கயிற்றின் மறுமுனை

போரில் செத்தவன் என்று எழுத ஓர் உடம்பு வேண்டும். பிடிபட்டவன் என்று எழுத எதிரி அனுப்பும் பட்டியலில் பெயர் வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு ராணுவப் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் ஒரே சொல், காணவில்லை. ஏதோ மேயப் போன மாடு வழி தவறின மாதிரி. அந்தச் சொல்லோடுதான் அவள் மூன்று வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

பகலெல்லாம் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். அலுவலக அலைச்சலையெல்லாம் நெட்டையன் பார்த்துக்கொண்டான். அவள் புருஷனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன். “அன்னைக்கு நான் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தேன்மா. கூட இருந்திருந்தா அவனை விட்டுட்டு வந்திருப்பேனா?” என்று அவன் குலுங்கி அழுதபோது அவள்தான் தேற்றினாள். அன்றிலிருந்து அவன் அவளுக்கு அண்ணன், மகளுக்கு மாமா. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொள்வாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை அலுவலகத்தில் புருஷனின் கோப்பைப் புதுப்பிக்க வேண்டும். “நீ எதுக்கும்மா வேலையை விட்டுட்டு வர? நான் போயிட்டு வரேன்” என்பான். இந்த வருஷம் சலவைக்கூடத்துக் கொதிகலன் வெடித்து எல்லோருக்கும் விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்து நின்றாள். எழுத்தர் அம்மாளின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நெட்டையன் பேயறைந்தவன் போல ஆனான்.

“காணாமப் போனவரோட சம்சாரமா? நல்லதாப் போச்சு, உக்காருங்க” என்றாள் எழுத்தர் அம்மாள். விதிமுறையில் இம்மியும் பிசகாதவள். “சாட்சியோட வாக்குமூலத்தை வருஷாவருஷம் வாய்விட்டுப் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும்.”

யார் சாட்சி என்று அவள் கேட்பதற்குள் அந்த அம்மாள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

“பின்வாங்க உத்தரவு வந்தது. குழிக்கு வெளியே தனியாக முன்காவலில் இருந்தவரின் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. சத்தம் போடக் கூடாது என்பதால், திரும்பி வா என்று சொல்ல மூன்று முறை இழுப்பது வழக்கம். கேட்டது என்பதற்கு அவரும் மூன்று முறை இழுப்பார். நான் இழுத்தேன். பதில் இல்லை. ஆள் அங்கே இல்லை என்று முடிவு செய்து கிளம்பினோம்.” கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள். “மாத்தம் ஏதாவது இருக்கா?”

அவள் நெட்டையனின் சட்டையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்து வந்தாள். மூன்று வருஷமாக அவள் கையால் சாப்பிட்டவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆஸ்பத்திரில இருந்தேன்னீங்களேண்ணே.”

“என்னை மன்னிச்சிரும்மா.”

“கயித்தை நீங்கதான் இழுத்தீங்களா?”

“நான்தான்.”

“அவர் இழுக்கலையா?”

“இழுத்தான். உடனே இழுத்தான். ஆனா அவன் தவழ்ந்து வர கால் மணி நேரம் ஆகும். லாரி கெளம்பிட்டிருந்துச்சு. எனக்கும் பிள்ளைங்க இருக்கில்ல? கயித்தைப் போட்டுட்டு ஓடிட்டேன்.”

உயிரோடு இருந்திருக்கிறான். கூப்பிட்ட குரலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆளில்லாத குழியை நோக்கித் தவழ்ந்து வந்திருக்கிறான். இந்தப் பாவியையா அண்ணன் என்று கூப்பிட்டோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

விடுவிடுவென்று உள்ளே போனாள். “மாத்தம் இருக்கும்மா. அவர் காணாமப் போகல. பதில் வந்துச்சு, இவங்கதான் விட்டுட்டு வந்துட்டாங்க. இப்பத்தான் இவர் வாயாலயே சொன்னாரு.”

எழுத்தர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். “நீங்க அங்க இல்லியேம்மா. சாட்சி சொன்னா அடிச்சிட்டு மாத்தி எழுதறேன். நீங்க சொல்லுங்க சார், பதில் வந்துச்சா?”

பின்னாலேயே வந்து நின்ற நெட்டையனை அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவள் புருஷனுக்கு அவன் பட்ட கடன் அந்த ஒரு வார்த்தைதான்.

“பாவம்மா இது” என்றான் அவன், அந்த அம்மாளைப் பார்த்து, குரலில் அத்தனை பரிவோடு. “அழுது அழுது புத்தி பேதலிச்சுப் போச்சு. மாத்தம் ஒண்ணுமில்ல.”

குனிந்து கையெழுத்துப் போட்டான்.