வெண்டல் போட்ட வெற்றுச் சீட்டு

அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு கல்லூரி மாணவர்களின் சகோதர சங்கத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் மூத்தவன் ஒருவன் அண்ணனாக வாய்க்க வேண்டும். கூடத்துச் சுவரிலுள்ள வம்ச மரத்தில் அண்ணன் பெயருக்குக் கீழே தம்பி பெயர் ஏறும். இது வழக்கம். வெண்டல் ஸ்ட்ரவுடின் கிளை சங்கத்தின் முதல் நாளிலிருந்து வருவது. இறுதியாண்டுக்காரனான அவனுக்கோ தம்பி இல்லை. இந்த அக்டோபரில் எவனும் சிக்காவிட்டால் நூறு வருஷ வம்சம் அவனோடு பட்டுப்போகும்.

அவனோடு சங்கத்தில் சேர்ந்த காரிக் பூலுக்கு ஏற்கெனவே மூன்று தம்பிகள். கேட்டால், "நான் என்னடா பண்ணட்டும், தானா வந்து ஒட்டிக்கிறானுங்க" என்பான். அந்தப் பேச்சுதான் வெண்டலுக்குப் புண்ணில் உப்பு.

வெண்டல் குறிவைத்தது புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவனான பன்றிப் பண்ணைக்காரர் மகன் லைல் கெட்டரிங்கை. ஆறு வாரம் வேதியியல் சொல்லிக்கொடுத்தான்; ஞாயிறுதோறும் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கிக்கொடுத்தான். சரக்கு கைக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

யாருக்கு யார் வேண்டும் என்று அண்ணன்களும் தம்பிகளும் சீட்டு எழுத வேண்டிய சனிக்கிழமை, மைதான வாசலில் அவன் கண்டது: லைல் தலையில் காரிக்கின் தொப்பி. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெண்டலுக்கு வயிறு பற்றி எரிந்தது. நம் சாண்ட்விச்சைத் தின்ற வாய் அவனோடு சேர்ந்து சிரிக்கிறதே!

இருவரும் ஒருவரையொருவர் எழுதினால்தான் சேர்க்கை. இல்லையேல் தம்பி தன் அடுத்த விருப்பத்துக்குப் போய்விடுவான். ஆசைப்பட்டுக் கேட்டு, கிடைக்காமல் சபையில் முகம் தொங்குவதைவிட, வேண்டாம் என்றவனாக இருந்துவிடுவது மரியாதை என்று வெண்டல் கணக்குப் போட்டான். வெற்றுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டான்.

மறுநாள் மதியம் கூடம் நிறைந்திருந்தது. சங்க வரலாற்றை எழுதுகிறவன்தான் சீட்டுகளையும் படிக்க வேண்டும். இந்த வருஷம் அந்தப் பொறுப்பு வெண்டலுக்கு.

"லைல் கெட்டரிங். முதல் விருப்பம்..." வெண்டல் சீட்டை இன்னொரு முறை பார்த்தான்.

"என் பேரைப் படிக்க இவ்வளவு கஷ்டமாடா?" என்றான் காரிக்.

"வெண்டல் ஸ்ட்ரவுட். ரெண்டாவது, காரிக் பூல்."

காரிக்கின் சிரிப்பு அணைந்தது. லைல் எழுந்தே நின்றுவிட்டான். "இப்ப உங்க சீட்டுண்ணே!"

வெண்டல் பிரித்துக் காட்டினான். "ஒண்ணும் எழுதலை."

"ஏண்ணே? நேத்துகூட காரிக் அண்ணன்கிட்ட உங்களைப் பத்தித்தானே கேட்டேன்! முதல் வருஷம் நீங்க சூப்புல உப்புக்குப் பதிலா சோப்புத்தூள் போட்ட கதை... சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

உண்மையைச் சொல்லியிருந்தால் சபை இரங்கியிருக்கலாம். ஆனால் பொறாமைப்பட்டேன் என்று காரிக்கின் முன்னால் எப்படிச் சொல்வது?

"கடைசி வருஷம்டா, படிப்பு நெருக்குது."

லைலின் முகம் சுருங்கியது. "அப்ப சரிண்ணே."

"வாடா தம்பி," என்று காரிக் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டான். லைல் போய் உட்கார்ந்தான். நேற்றுவரை வெண்டல் பட்டது காரணமில்லாத பொறாமை. இன்று அதற்கு நல்ல காரணமே கிடைத்துவிட்டது. அதையும் அவனே தேடிக்கொடுத்திருந்தான்.

"என்னடா நிக்கிற? அடுத்தவன் சீட்டைப் படி!" என்றது பின்வரிசை.

வெண்டல் படித்தான்.