மூன்று பேரும் ஆம் என்றார்கள்

வீட்டில் எல்லோரும் போனில் பார்க்கிற அந்தப் பொதுக் காலண்டரை நாலு பேர் போனிலும் ஏற்றிவிட்டவள் மகள் முத்துப்பிரியாதான். பொங்கலுக்கு நடந்த குழப்பம் அதற்குக் காரணம். மகன் விஜயகுமார் சென்னையிலிருந்து போகிக்கே வந்து, மாட்டுப்பொங்கல் காலையில் கிளம்பிப் போய்விட்டான். அன்று சாயங்காலம்தான் முத்துப்பிரியா பெங்களூரிலிருந்து போடியில் வந்து இறங்கினாள். போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கும் அப்பா பால்பாண்டிக்கு அதற்கு மறுநாள்தான் லீவு கிடைத்தது. ஒரு வீட்டு ஆட்கள் நாலு பேரும் ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிடவில்லை என்று அம்மா சூர்யகலா வருத்தப்பட்டாள்.

"இனிமே யாரு எப்ப வர்றா, எங்க இருக்கான்னு போன் போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்க வேணாம்மா. எல்லாம் இதுலயே தெரியும்," என்று சொல்லி, சென்னைக்குப் போய்விட்ட தம்பியையும் போனிலேயே ஏற்றவைத்து, முத்துப்பிரியா ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தாள். தனக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம், அப்பாவுக்குப் பச்சை, அம்மாவுக்கு மஞ்சள்.

சூர்யகலாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் பிள்ளைகளின் நாள் முழுவதும் கண் முன்னால் விரிந்தது. மகனுக்கு நைட் ஷிப்டு. மகளுக்குச் சாயங்காலம் பல் டாக்டர். சனிக்கிழமை யாரோ ஒரு தோழியின் கல்யாண வரவேற்பு. கூடவே இருந்து பார்ப்பது போல இருந்தது.

சித்திரை மாதம் பரமசிவன் மலைத் திருவிழாவை அவளே காலண்டரில் போட்டாள். எப்படிப் போடுவதென்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். போட்டதும் அது மற்ற மூன்று பேரையும் 'வருகிறீர்களா?' என்று கேட்கும். அவர்கள் ஆம், இல்லை, ஒருவேளை என்று ஏதாவது ஒன்றை அழுத்தவேண்டும். மூன்று பேரிடமிருந்தும் 'ஆம்' வந்தது. மூன்று பேரும் வந்தார்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவை சூர்யகலா போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு போன்கள் குறைந்தன. யாரும் கோபித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. முன்பெல்லாம், "ஊருக்கு எப்ப வர்ற?", "அப்பா இந்த வாரம் இறங்குறாரா?" என்று கேட்கவாவது யாராவது கூப்பிடுவார்கள். அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு பேச்சு அரைமணி நேரம் ஓடும். இப்போது கேட்க என்ன இருக்கிறது? எல்லாம்தான் தெரிகிறதே.

ஒரு நாள் சூர்யகலாவே மகளைக் கூப்பிட்டு, பல் வலி தேவலையா என்று விசாரித்தாள். முத்துப்பிரியா முதலில் சிரித்தாள். பிறகு, "அதையெல்லாம் உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பியாம்மா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து மகளுடைய சிவப்புக் கட்டங்களில் பல் டாக்டரும் இல்லை, தோழியும் இல்லை. எல்லாவற்றிலும் 'பிஸி' என்று மட்டும் இருந்தது. கொஞ்ச நாளில் மகனுடைய நீலக் கட்டங்களும் அப்படியே ஆயின. சூர்யகலா அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலையாக இருக்கிறார்கள் என்பதாவது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில்தான் குளிக்கும்போது இடது மார்பில் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். வலி இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, போடியிலேயே ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய் ஊசி மூலம் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது என்றார். போகும்போது வீட்டு ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

மலையில் காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்ததால் பால்பாண்டி இரண்டு வாரமாகக் கீழே இறங்கவில்லை. அவர் தங்கியிருக்கும் இடத்தில் டவர் கிடையாது. அவராக ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து வந்தால்தான் பேச முடியும். அப்படிப் பேசினபோதும் சூர்யகலாவால் அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. குடோனில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களிடமும் சொல்லவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மகனிடம் எப்படி அதைச் சொல்வது? யோசித்து யோசித்துக் கடைசியில் காலண்டரைத் திறந்து, 'மதுரை ஆஸ்பத்திரி, டெஸ்ட், புதன் காலை 10.30' என்று போட்டாள். ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதினாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று ஒரு நிம்மதி.

அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் பால்பாண்டியிடமிருந்து 'ஆம்' வந்துவிட்டது. டவர் இல்லாத இடத்திலிருந்து எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டாள். சாயங்காலம் மகன் 'ஆம்' என்றான். மறுநாள் காலையில் மகளும் 'ஆம்' என்றாள்.

அடுப்படியிலேயே உட்கார்ந்து சூர்யகலா கொஞ்ச நேரம் அழுதாள். என்ன ஏதென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அம்மா பயந்துபோவாள் என்றுதான் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவளாகவே புரிந்துகொண்டாள். புதன்கிழமைக்கான கட்டத்தைப் பார்த்தாள். மகளுக்குக் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை 'பிஸி' என்று இருந்தது. நமக்காகத்தான் அந்த நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டை ஒழுங்கு பண்ணினாள். டெஸ்ட் முடிந்து எல்லோரும் போடிக்குத்தானே வருவார்கள். போர்வைகளைத் துவைத்து, மழைக்கு நடுவே கிடைத்த கொஞ்ச வெயிலில் காயப்போட்டாள். புதன் விடியுமுன் எழுந்து நாலு பேருக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து பெரிய தூக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஒன்பதே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டாள். ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து வருவதால் வாசலில் நின்றால்தான் கண்டுபிடிக்க வசதி என்று மருந்துக்கடை பக்கமாக நின்றாள். வந்து நிற்கும் ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து பார்த்தாள். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. பால்பாண்டியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. விஜயகுமார் எடுக்கவில்லை. முத்துப்பிரியா கட் பண்ணிவிட்டு உடனே ஒரு செய்தி அனுப்பினாள். 'மீட்டிங்மா. ஒரு மணிக்குக் கூப்பிடுறேன்.'

சூர்யகலா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சீட்டு எழுதுகிற நர்ஸ், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சூர்யகலா சொன்னாள். அரைமணி கழித்து நர்ஸ் மறுபடியும் கேட்டாள். சோதனைக்கு முன் கூட வந்தவர் ஒருத்தர் கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். சூர்யகலா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் பெஞ்சில், மருமகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மாள் இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். போடிக்குப் பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரி, பெயர் கருப்பம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"எந்த ஊருத்தா?"

"போடி."

"தனியாவா வந்த?"

சூர்யகலா தலையாட்டினாள்.

கருப்பம்மாள் எழுந்து வந்து நர்ஸிடம் கையை நீட்டினாள். "இங்கிட்டுக் கொண்டா. நான் போடுறேன்."

என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள்.

"அக்கான்னு எழுதிக்க."

ஊசி போட்டுச் சதை எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வலி பொறுக்கக்கூடியதாகவே இருந்தது. கட்டிலில் படுத்திருந்தபோது, வாசலில் இப்போது யாராவது வந்து தேடிக்கொண்டிருப்பார்களோ என்று ஒரு தடவை நினைத்தாள். பிறகு நினைக்கவில்லை. ரிசல்ட்டுக்கு எட்டு நாள் ஆகும் என்றார்கள். வெளியே வந்து கருப்பம்மாளுக்கும் அவள் மருமகளுக்கும் எலுமிச்சைச் சாதத்தைப் போட்டுக் கொடுத்தாள். கருப்பம்மாள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "இம்புட்டு எதுக்குத்தா கொண்டாந்த?" என்று அவள் கேட்டதற்கு, சூர்யகலா கைப்பழக்கத்தில் அதிகமாகப் போய்விட்டது என்று சொல்லி வைத்தாள்.

ஒரு மணிக்கு முத்துப்பிரியா கூப்பிடவில்லை. சாயங்காலம் பஸ் தேனியைத் தாண்டும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. 'ஆஸ்பத்திரி போயிட்டு வந்தாச்சாம்மா? தம்பி வந்தானா?' அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விஜயகுமாரிடமிருந்து இன்னொன்று. 'அக்கா வந்துச்சா? டாக்டர் என்ன சொன்னார்?'

அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. மகன், அக்கா போவாள் என்று நினைத்திருக்கிறான். மகள், தம்பி போவான் என்று நினைத்திருக்கிறாள். இருவருக்குமே 'ஆம்' என்றால் பார்த்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். சூர்யகலா இரண்டு பேருக்கும் 'வந்தாச்சு' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும், விரித்து வைத்திருந்த பாய்களைச் சுருட்டி எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஜீப்பு பிடித்து மலைக்குப் போனாள். எஸ்டேட்டுக்கு அவள் போய் நாலு வருடம் ஆகிறது. மெட்டுக்கு மேலே மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. பால்பாண்டி காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், பிள்ளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவரை ஏலச்செடிகளுக்கு நடுவே தனியாகக் கூட்டிப்போய் சூர்யகலா கட்டியைப் பற்றிச் சொன்னாள். புதன்கிழமை நடந்ததையும் சொன்னாள். வாயால் சொல்ல ஆரம்பித்தபோது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"எனக்கு எதுவுமே வரலயே கலா. நான் எங்க ஆம்னு சொன்னேன்?"

அப்பாவுக்கு அடிக்கடி டவர் கிடைக்காது, அழுத்தவும் தெரியாது என்பதால், எது வந்தாலும் தானாகவே 'ஆம்' என்று போகும்படி முத்துப்பிரியா பொங்கல் சமயத்திலேயே செய்து வைத்திருந்தாள். பால்பாண்டிக்கே அது தெரியாது. முதலில் வந்த 'ஆம்', உலை கொதிக்குமுன் வந்து அவளை ஆச்சரியப்படுத்திய 'ஆம்', யாரும் சொன்னதே இல்லை.

"எப்ப ரிசல்ட்டு?" என்று கேட்டார்.

"வியாழக்கெழம."

"நான் வர்றேன்."

காய் எடுப்பு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அவரோ புதன்கிழமை சாயங்காலமே, கடைசி லோடு ஏறின ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கி வந்துவிட்டார்.

வியாழக்கிழமை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இது பயப்படுகிற கட்டி இல்லை என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். பால்பாண்டி அதையே மூன்று தடவை டாக்டரைச் சொல்ல வைத்தார். வெளியே வந்து, ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு மகளுக்கு அவரே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். முத்துப்பிரியா அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். 

"ஒரு வார்த்தை போன்ல சொல்லிருக்கலாம்லம்மா. டெஸ்டுன்னா சுகர் டெஸ்டுன்னு நெனச்சேன்மா."

"ஆமா. சொல்லிருக்கலாம்," என்றாள் சூர்யகலா. கொஞ்சம் விட்டு, "நீயும் கேட்டிருக்கலாம்," என்றாள்.

அந்தப் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. சூர்யகலா போனைக் கணவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மகள் அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் கூப்பிட்டாள். மகன் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனான். பால்பாண்டி மலைக்குத் திரும்பினார். பிறகு அந்தப் போன்களும் இரண்டு நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று ஆயின. அவர்கள் வேலை அப்படி. சூர்யகலாவுக்கு அது தெரியாமல் இல்லை. அவள் காலண்டரைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

மார்கழியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் குடோன் வாசலுக்கு வந்து நின்று மகளைக் கூப்பிட்டாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்திருந்தபோது எடுத்தாள்.

"என்னம்மா, ஏதும் அவசரமா?"

"ஒண்ணுமில்லத்தா. சாப்டியான்னு கேக்கலாம்னு."

இன்னும் இல்லை, இப்போதுதான் கேண்டீனுக்குப் போகிறேன், அப்புறம் பேசட்டுமா என்று முத்துப்பிரியா கேட்டாள்.

"போய் வாங்கிட்டு வா. நான் இருக்கேன்."

மகள் தயங்கிவிட்டு, சரி என்றாள். போனை எங்கேயோ பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசும் சத்தமும், லிப்டுக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. யாரோ ஏதோ சொல்ல, முத்துப்பிரியா தெரியாத பாஷையில் பதில் சொல்லிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து சூர்யகலா கேட்டதே இல்லை. தட்டுகள் மோதும் சத்தம். நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். மகள் போனை மறந்துவிட்டாள் என்று தெரிந்தது. சூர்யகலா கூப்பிடவில்லை. வெயிலில் சுவர் ஓரமாக நின்று, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முடிந்து உள்ளேயிருந்து கூப்பிடும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.