சென்டருக்கு ஒரு நூல் கீழே

1

இந்தக் கதை எனக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்துக்குள் கடை மாறி நுழைந்துவிட்டேன். அது பட்டறைச் சாமான் விற்கிற கடை. கவுன்ட்டரில் அறுபது வயதை ஒட்டிய இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் நெற்றியில் ஸ்ரீசூர்ணம், இன்னொருவர் கழுத்துச் சங்கிலியில் சிலுவை. நடுவில், கண்ணாடி மேல், உள்ளங்கை அளவில் இரண்டு இரும்புக் கட்டிகள். எதை வாங்குவது என்பதில் சண்டை.

“பேக்கிங் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க இப்ப யாருக்குடி பொறுமை இருக்கு?” என்றார் சிலுவை அணிந்தவர், இடது கையால் ஒரு கட்டியைக் காட்டி.

மற்றவரின் முகம் சட்டென்று வாடியது. கோபம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். அது கோபமில்லை. யாரோ இறந்த செய்தியை ரொம்பத் தாமதமாகக் கேட்டவர் முகம் போல இருந்தது.

நான் தாழ்ப்பாள் வாங்காமலே வீடு திரும்பினேன். பார்த்தது இவ்வளவுதான். இனி வருகிற பெயர்கள், வீடு, நட்பு எல்லாம் என் கைச்சரக்கு. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

2

“காவிரியில் அன்று தண்ணீர்—”

(அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே ஆறு ஓடவேண்டுமா என்ன?)

“வத்ஸலாவுக்கு வாழ்க்கையில் எல்லாமே தாமதமாகத்தான்—”

(இதுவும் வேண்டாம். அவள் எதற்கும் தாமதமாகப் போகிறவள் இல்லை. ரயிலுக்கே அரை மணி முன்னால் போய் நிற்கிற ரகம்.)

நேராகச் சொல்கிறேன். வடக்கு உத்தர வீதியில் ஒரு வீட்டு வாசலில், மரப்பெட்டிக்குள் ஒரு சின்ன லேத் வந்து இறங்கியது. இரும்பையும் பித்தளையையும் கடைகிற இயந்திரம். தொழிற்சாலைகளில் இருப்பதன் பேரன் அளவு; மேஜை மேல் உட்கார்ந்துகொள்ளும். வாங்கியவள் வத்ஸலா. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

“கோயிலுக்குப் போவா, பஜனைக்குப் போவான்னு நெனச்சேன்” என்றார் கணவர் சௌரிராஜன், பெட்டியைச் சுற்றி வந்து, சமையலறைப் பக்கம் பார்த்தபடி. “இரும்புத் தூள் தளிகை உள்ளுக்கு வந்துடாதே?”

“கொல்லையில வெந்நீர் உள் சும்மாத்தானே கெடக்கு. அங்க வெச்சுக்கறேன்.”

“என்ன பண்ணப் போறே இதை வெச்சுண்டு?”

அவளிடம் அதற்குப் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், என்னிடமும் இல்லை. லேத் வாங்குகிறவர்கள் பலருக்கும் அது இருப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் லேத் வருகிறது. அப்புறம்தான் அதற்கு வேலை தேடுகிறார்கள்.

3

ஆனால் காரணம் இருந்தது. வத்ஸலா இளவயதில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி பாலக்கரை அமலராணி. ஒர்க்‌ஷாப் முதல் நாளில், “பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரும் அந்த ஓரத்து மெஷின். பின்னலைக் கோட்டுக்குள்ள போட்டுக்குங்க” என்றார் மாஸ்டர். தாவணிக்கு மேல் காக்கிக் கோட்டு, கோட்டுக்குள் பின்னல். படிப்பு முடிகிற வரைக்கும் அந்த ஓரத்து லேத் அவர்களுடையது.

அதில் கடைசலுக்கான வெட்டுளியைப் பிடித்துக்கொள்ள நாலு பக்கமும் வாய் உள்ள இரும்புக் கட்டி ஒன்று இருந்தது. அதுதான் டூல் போஸ்ட். உளியின் முனை, சுற்றுகிற கம்பியின் நடு உயரத்துக்கு, அதாவது சென்டருக்கு, நேராக நிற்கவேண்டும். அந்தக் கட்டியில் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. அதனால் உளிக்கு அடியில் மெல்லிய தகடுகளை அடுக்கி ஏற்றுவார்கள். அதற்குப் பேர் பேக்கிங்.

ராணிக்கு அது கைவந்த கலை. ஒடிந்த ரம்பத் துண்டு, பிஸ்கட் டின் தகடு என்று ஒரு பிடி வைத்திருப்பாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தகட்டைத் தேய்த்துப் பார்த்து, “இதுவும் அந்தப் பொடிசும் போதும்டி” என்பாள். போதும். பையன்கள் தங்கள் உளியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து நிற்பார்கள்.

(தமிழில் மோரையும் கடைகிறோம், இரும்பையும் கடைகிறோம். இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. கதைக்கு உதவவில்லை.)

வத்ஸலாவுக்கு அந்த நாட்கள் வாசனையாகத்தான் நினைவிருந்தன. சூடான எஃகில் வெட்டு எண்ணெய் விழுந்து எழும்பும் புகை, மழை நாளில் நனைந்த காக்கித் துணி, ராணியின் டிபன் பாக்ஸ் மீன் குழம்பு. அதைத் திறக்கும்போது, “நீ அந்தப் பக்கம் திரும்பிக்கடி” என்பாள் ராணி. வத்ஸலா திரும்பிக்கொள்வாள். மூக்கு திரும்பாது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். வத்ஸலாவுக்கு அலுவலக வேலை, கல்யாணம், ஊர் மாற்றங்கள். ராணி மேலே படித்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். சண்டை எதுவும் இல்லை. போன் நம்பர்கள் மாறின, அவ்வளவுதான். பழைய வகுப்புக்காரர் யாரோ வாட்ஸாப் குழு ஆரம்பித்தபோதுதான் மறுபடி குரல் கேட்டது. லேத் வந்த அன்றைக்கே வத்ஸலா போன் செய்தாள்.

“ராணி, லேத் வாங்கிட்டேன்டி.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “லூசு! வீட்டுக்கா?”

“டூல் போஸ்ட் தனியா வாங்கணுமாம். நீதான் வந்து பாத்துச் சொல்லணும்.”

4

கடைக்காரருக்குப் பரக்கத் அலி என்று பெயர் வைத்திருக்கிறேன். பொறுமையான மனிதர். இரண்டையும் எடுத்து வைத்தார்.

“இது நாலு பக்கம்மா. பழைய மாடல். ஒரே நேரத்துல நாலு டூல் மாட்டிக்கலாம், கல்லு மாதிரி நிக்கும். பேக்கிங் மட்டும் வெக்கணும். இது க்விக் சேஞ்ச். டூல் இந்த ஹோல்டர்ல இருக்கும். ஹோல்டரை மேலருந்து சொருகி, கைப்பிடிய ஒரு தள்ளு, அவ்வளவுதான். இந்த நட்டைத் திருகினா உயரம் சரியாயிரும். ஒரு தடவ செட் பண்ணிட்டா, அப்புறம் எத்தன தடவ கழட்டி மாட்டினாலும் மாறாது.”

“உள்ள புடிக்கிறது ஆப்பா, பிஸ்டனாங்க?” என்றாள் ராணி.

பரக்கத் அலி நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டும் இருக்கும்மா. இது ஆப்பு. வெல கொஞ்சம் கூட.”

“ஆப்புதான் நல்லாப் புடிக்கும். சின்ன சைஸா குடுங்க. பெருசா வாங்கிட்டா ஹோல்டரை எவ்வளவு இறக்கினாலும் டூல் சென்டருக்கு மேலதான் நிக்கும். கூட ரெண்டு ஹோல்டர் தனியாப் போடுங்க.” எல்லாவற்றையும் இடது கையால் சுட்டிக்காட்டினாள். வலது கை தோளில் மாட்டிய பைக்குள்ளேயே இருந்தது.

“எனக்கு நாலு பக்கந்தான் வேணும்” என்றாள் வத்ஸலா.

“எதுக்குடி? பேக்கிங் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க இப்ப யாருக்குடி பொறுமை இருக்கு?”

இதுதான் நான் என் காதால் கேட்ட வரி. வத்ஸலாவின் முகம் வாடியது இங்கேதான். அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? இவ்வளவு வருஷம் ஒருத்தியின் விரல்களை நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாள். அந்த விரல்களுக்குச் சொந்தக்காரி, அதெல்லாம் ஒரு வேலையா என்கிறாள்.

“நீ பேக்கிங் வெக்கறதைப் பாக்கணும்னுதானே உன்னக் கூட்டிண்டு வந்தேன்” என்றாள் மெதுவாக. ராணி தெருவைப் பார்த்தாள். பரக்கத் அலி நாலு பக்கத்தைத் தாளில் சுற்றினார்.

5

இந்த இடத்தில் எனக்கு அமலராணி மேல் சந்தேகம் வந்தது. கடையில் அவர் இடது கையால் சுட்டிக்காட்டியதை நான் பார்த்தேன். அவ்வளவுதான். அவர் வெறுமனே இடக்கைக்காரராக இருக்கலாம். அப்படியானால் இந்தக் கதையே இல்லை. நான் யோசித்து, அவருக்கு முடக்குவாதம் என்று எழுதினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் விரல்களை என் வசதிக்காக மடக்கிவிட்டேன். எழுதிய அன்று மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தால், அவள் க்விக் சேஞ்சுக்காக அவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்கு வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை.

எனவே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தொடர்கிறேன்.

6

கடையிலிருந்து இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்தார்கள். சௌரிராஜன் காபி கொடுத்து, “வாங்கோ, உங்களப் பத்தி இவ நெறைய சொல்லியிருக்கா” என்று வரவேற்றார். வெந்நீர் உள்ளில் லேத் பச்சை நிறத்தில் பளபளத்தது. அதன் வாயில் ஒரு பித்தளைக் கம்பியைப் பிடித்து வைத்திருந்தாள் வத்ஸலா. டூல் போஸ்ட்டை அவளே முடுக்கினாள். உளியை வைத்தாள். பிறகு தகடுகளைக் கூட்டாளியின் முன் பரப்பினாள்.

“ம். உன் வேலை.”

“நீயே வை.”

“நீ வெச்சாத்தான் நன்னா இருக்கும். வாடி.”

ராணி பையிலிருந்து வலது கையை எடுத்தாள். ஒரு தகட்டை எடுக்கப் போனாள். அது நழுவியது. வத்ஸலா சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை வத்ஸலா குனியவில்லை. அப்போதுதான் விரல்களைப் பார்த்தாள். முட்டிகள் வீங்கி, நுனிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றடித்த நாற்று மாதிரி.

“எப்பலருந்துடி?”

“ரொம்ப நாளாச்சு. கடைசியில சாக்பீஸே புடிக்க முடியல. பசங்களை விட்டுதான் போர்டுல எழுதச் சொல்வேன்.”

“கடையிலயே சொல்லியிருக்கலாமேடி.”

“என்னன்னு சொல்ல? நீ அவ்வளவு ஆசையா அந்தக் கட்டியைத் தடவிக்கிட்டு நிக்கிற.” ராணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “போயிட்டு வரேன். வீட்ல தேடுவாங்க.”

வத்ஸலா வாசல் வரை கூடவே வந்தாள்.

7

அன்று சாயங்காலம் வத்ஸலா வெந்நீர் உள்ளுக்குத் திரும்பிப் போய் அந்தத் தகடுகளை—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. ஏன் என்று பிறகு தெரியும்.)

மறுநாள் காலை அவள் பரக்கத் அலி கடையில் நின்றாள். “இதைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கலாமா?”

“தாராளமா எடுத்துக்குங்கம்மா.” கைப்பிடி வைத்ததை ஹோல்டர்களோடு கட்டிக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மாட்டி முடித்து, படம் எடுத்து ராணிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“எனக்காக மாத்தினியா?”

“இல்லடி.”

“பொய் சொல்லாத வத்சு. ஸ்டாஃப் ரூம்ல எனக்கு டிபன் பாக்ஸைத் தெறந்து வெச்சிருவாங்க. தெறக்கணுமான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நல்லவங்கதான் எல்லாரும். தெறந்த டப்பாவப் பாத்தா எனக்குச் சோறே எறங்காது. அந்த மாதிரி நீயும் ஆரம்பிக்காத.”

“உனக்காக மாத்தலைங்கறேன். நீ போனப்பறம் நானே பேக்கிங் வெச்சு ஓட்டிப் பாத்தேன். வரவே இல்லை. சென்டருக்கு ஒரு நூல் கீழயே நிக்கறது. எனக்கு அது என்னிக்குடி வந்திருக்கு? பரீட்சைக்குக்கூட என் டூலுக்கு நீதானே வெச்சுக் குடுத்தே.”

“நெஜமா ஓட்டிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“சனிக்கிழமை வரேன்” என்றாள் ராணி.

8

இதற்கு நான் யோசித்த முடிவுகள் மூன்று. ஒன்றில் ராணி வரவில்லை. வத்ஸலா லேத்தை விற்றுவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. ஒன்றில் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன வேலை எடுத்துச் செய்து துவாக்குடித் தொழிற்பேட்டைப் பக்கம் பேர் வாங்குகிறார்கள். அது சுயதொழில் விளம்பரம் மாதிரி வந்துவிட்டது. மூன்றாவது மட்டும் நின்றது. இதுதான்.

சனிக்கிழமை ராணி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். புது டூல் போஸ்ட்டை அவள் பார்க்கவே இல்லை. லேத்தின் வாயிலிருந்த பித்தளைக் கம்பியிடம் போனாள். அன்றைக்குப் பிறகு யாரும் அதைக் கழற்றவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். உளி சென்டருக்குக் கீழே நின்றால், கம்பியின் முகத்தை, அதாவது அறுபட்ட முனையை, சீவும்போது நட்டநடுவில் ஒரு பொட்டு மட்டும் வெட்டுப்படாமல் மேடாக மீந்து நிற்கும். வத்ஸலா சொன்னது உண்மையானால் அந்தப் பொட்டு அங்கே இருக்கவேண்டும். அவள் உளியையே தொடவில்லை என்றால், ரம்பம் அறுத்த கோடுகள் அப்படியே இருக்கும். இது ராணிக்குத் தெரியும். ராணிக்குத் தெரியும் என்பது வத்ஸலாவுக்கும் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் வத்ஸலா.

ராணி வலது கட்டைவிரலைக் கம்பியின் முகத்தில் வைத்து, ஒரு சுற்றுத் தேய்த்தாள்.

“அடிப்பாவி!” என்றாள். சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

அங்கே இருந்தது மேடா, கோடா? அந்தச் சாயங்காலத்தை எழுதாமல் விட்டது இதற்காகத்தான். இப்போதும் எழுத மாட்டேன். மேடு என்றால், இந்த வயதிலும் பேக்கிங் வைக்கத் தெரியாத மண்டு ஒருத்திக்காகச் சிரித்தாள். கோடு என்றால், பொய் சொல்லத் தெரியாத மண்டு ஒருத்திக்காக. உங்கள் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். உங்களுக்கு எது தட்டுப்படுகிறதோ அதுவே இருக்கட்டும், நான் மறுக்க மாட்டேன்.

ராணி ஹோல்டரை இரு கைகளாலும் ஏந்திச் சொருகினாள். உள்ளங்கையின் அடியால் கைப்பிடியை ஒரு தள்ளு தள்ளினாள். ஆப்பு பிடித்தது. “மூக்குக்கண்ணாடியப் போடுடி. பித்தளை தெறிக்கும்” என்றாள்.

சுவிட்சைப் போட்டதும் அவள்தான். அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.