மீட்டர் சொன்ன கணக்கு

"கொஞ்சம் நிமித்திப் புடிங்க, தலை சாயுது" என்றான் தனபால், ஸ்டாண்டில் நின்ற கேமராவுக்குப் பின்னாலிருந்து.

நாற்காலியில் உட்கார்த்தியிருந்த பாலுசாமியின் தலையை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து, துண்டால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். காலையில் மாரடைப்பில் போன அண்ணன். மயானத்துக்குக் கிளப்பும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்தக் குடும்பத்து வழக்கம். கோயம்புத்தூரில் பாதிக் காலண்டர்களுக்கு ராத்திரிப் படம் எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. தெருமுனை ஸ்டுடியோக்காரன் வேண்டாம், நீங்களே எடுங்க என்று அண்ணி நாச்சியம்மாள்தான் தாராபுரத்திலிருந்து வந்து இறங்கிய தனபாலிடம் சொன்னாள்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசி. மழை இருட்டு, கரண்ட்டும் இல்லை. தலைமாட்டில் ஒரு எண்ணெய் விளக்கு, பக்கத்தில் ஒரு ஜன்னல். ஃபிளாஷ் என்ற சாமானை அண்ணன் வீட்டுப் படியேற விட்டதில்லை. அவருடைய கேமராவில் முக்கால்வாசிக்கு மேல் ஓடிய ஸ்லைடு ஃபிலிம் கிடந்தது. மிச்சம் இரண்டு படம்.

"எல்லாரும் அசையாம நிக்கோணுமுங்க. ரொம்ப நேரம் தொறந்து வெப்பேன். அசஞ்சா படத்துல இருக்க மாட்டீங்க."

"அடேயப்பா, நம்மளால ஆகாது சாமி" என்று கொடுமுடி மாமா விலகிக்கொண்டார். "இப்போதைக்கு எம் மாப்ளை ஒருத்தன்தான் சொன்ன பேச்சுக் கேட்டு உக்காந்திருக்கறான். அவனை மட்டும் எடு."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

தனபால் வெளிச்சம் அளக்கும் மீட்டரை நீட்டினான். இருபது வினாடி என்றது. ஆறு வருஷம் முன்னால் இதே கூடத்தில், இதேபோல ஒரு மீட்டரோடு அவன் நின்றிருக்கிறான். மில் முதலாளி சுந்தரராஜுலு பொன்விழாவுக்கு மில்லையே சீரியல் பல்பில் குளிப்பாட்டியிருந்தார். காலண்டருக்கு அதைப் படம் எடுப்பது தனபாலுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. எவ்வளவு நேரம் திறந்து வைப்பதென்று அண்ணனைத்தான் கேட்டான்.

"மீட்டர் சொல்றதை அப்பிடியே வெய்யி கண்ணு. வேறெதுக்கு அதைக் காசு குடுத்து வாங்கறது?"

வைத்தான். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டே பழகிய ஊரில், சொன்னதற்கு மேல் இரண்டு பங்கு மூன்று பங்கு அள்ளிக் கொடுத்தால்தான் படியும் சரக்கு ஒன்று உண்டென்றால், அது இருட்டில் ஸ்லைடு ஃபிலிம்தான். வெளிச்சம் குறையக் குறைய அது சோம்பேறியாகிவிடும். மீட்டருக்கு அந்தச் சோம்பல் தெரியாது. நெகட்டிவ் என்றால் பிரிண்ட் போடுகிறவன் ஏதோ தூக்கிக் கொடுப்பான். ஸ்லைடில் விழுந்தது விழுந்ததுதான். மெட்ராஸிலிருந்து கழுவி வந்தபோது மில்லைக் காணோம்; கரிக்குள் நாலைந்து மின்மினி. அதற்குள் பல்புகளையும் இறக்கிவிட்டார்கள். தற்செயலாக, சத்தியமாகத் தற்செயலாக, அதே ராத்திரி எதிர் மாடியில் நின்று பாலுசாமியும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அன்றிலிருந்து மில் காலண்டர் அவருக்கு. பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்தும் தனபாலுக்கு. ஃபிலிமின் சோம்பலை அவன் சொந்தச் சுருள்களை நாசமாக்கித்தான் கற்றுக்கொண்டான்.

இந்த வெளிச்சத்துக்கு ஒரு நிமிஷத்தைத் தாண்ட வேண்டும். அது அவனுக்கு இப்போது தூக்கத்திலும் தெரியும்.

கேமராவைத் திறந்து வைக்கும் கேபிளை அமுக்கினான். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினான். இருபதில் விட்டுவிட்டான். சுடர் மட்டும் மஞ்சளாக வரும். மூக்கு எது, சுவர் எது என்று தெரியாது. பெரிசு பண்ணி மாட்டினால், கருமாதிக்கு இருட்டுக்குத்தான் மாலை விழும். வயிறு குளிர்ந்தது.

"ஆச்சுங்க. தூக்கிக்கலாம்."

குளிப்பாட்ட வாசலுக்குக் கொண்டுபோனார்கள். கூடம் காலியானது. நாச்சியம்மாள் மட்டும் நின்றாள்.

"மீட்டர் கணக்குங்களா தம்பி?"

தனபால் ஃபிலிமை அடுத்த படத்துக்குத் தள்ளினான்.

"மில்லுக்கு எதிர் மாடியில டார்ச் அடிச்சு, வாட்ச் பாத்து நேரஞ் சொன்னது நான்தானுங்க. எப்பவும் நான்தான் சொல்லோணும். இத்தனூண்டு நேரத்துல எந்த மூஞ்சியும் வராது."

"இன்னொண்ணு பாக்கி இருக்குதுங்க அண்ணி. வேணுமுன்னா மறுக்கா உக்கார வெக்கச் சொல்லி..."

"எதுக்குங்க? அவரு சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சீங்க." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "கரியாப் போன படத்தை நீங்க கொண்டாந்து காட்டிப்போட்டுப் போனீங்களே, நீங்க தெருமுக்குத் திரும்பறதுக்குள்ள சிரிச்சாரு. கூடப் பொறந்தவனுக்கு இப்பிடிப் பண்ணலாமுங்களான்னு கேட்டேன். ஒரே அறை. இந்தக் காது அன்னைக்குப் போனது."

வாசலில் சலசலப்பு. "பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சு, அம்மணியக் கூப்பிடுங்க" என்று ஒரு குரல். அந்தப் புதுச்சேலையைப் போர்த்திவிட்டால் பொட்டும் பூவும் அதோடு சரி.

நாச்சியம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்தாள். அதில் தொங்கிய துண்டை உருவி மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னைய எடுங்க. கட்டிட்டு வந்து ஒருக்காக்கூட எடுத்ததில்லீங்க. ஃபிலிமுக்குத் தண்டம்பாரு."

"அசையாம..."

"தெரியுமுங்க."

தனபால் மீட்டரைச் சட்டைப் பையில் போட்டான். கேபிளை அமுக்கினான்.

"நாச்சி! உள்ள என்ன பண்றே?" கதவை ஒரு கை தட்டியது. பிறகு பல கைகள். "மயக்கங் கியக்கம் போட்டுருச்சா பாருங்கப்பா" என்று கொடுமுடி மாமா கத்தினார். தாழ்ப்பாள் குலுங்கியது.

எண்ணிக்கை இருபதைத் தாண்டியும் தனபால் விரலை எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் நெற்றிப் பொட்டு இம்மியும் நகராமல் இருந்தது.