உறைந்த ஹீலியமும் லூயிஸின் வில்லையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எடைக்கு வந்தது. 1959-இல், ராயபுரத்தில் எங்கள் கடைக்குப் புளி மடிக்க வாங்கிய பழைய தாள்களுக்குள் ஓர் ஆங்கில அறிவியல் இதழ் இருந்தது. ஹீலியத்தை அழுத்திக் கடுங்குளிரில் உறையவைத்தாலும் அணுக்கள் அடங்கி உட்காருவதில்லையாம்; பக்கத்து அணுவோடு இடம் மாற்றிக்கொள்ளுமாம். ஒரு வகை ஹீலியத்தில்* ஒவ்வோர் அணுவின் கருவும் ஒரு பொடிக் காந்தம். இடம் மாறுவதாலேயே பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளப் பார்க்குமாம். படித்ததும் துறைமுகத்து ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

(*எடை மூன்று உள்ளது. நாலு உள்ளதில் இந்தக் காந்தம் கிடையாது. எடை குறைந்த சரக்கில் குணம் கூடுதல் என்றால் என் அப்பா நம்பியிருக்கமாட்டார்.)

2

'அன்று கடல் —'

வேண்டாம். கடலில் ஆரம்பித்த கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.

லூயிஸும் தாமோதரனும் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவர்கள். ஒரே சந்தில் எதிரெதிர் வீடு; அங்கே ஐரீன் லூயிஸின் மனைவி, இங்கே பூமாரி தாமோதரனின் மனைவி. ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை; அதைக் காட்டினால்தான் அன்றைய கூலி. வரமுடியாதவன் தன் வில்லையைத் தோஸ்திடம் கொடுத்தனுப்புவான். மேஸ்திரி எண்ணைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். அன்று கேட்டவன் லூயிஸ்.

"பாக்ஸிங் கீது மாமு. ஐரீனுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும். மாதா மேல சத்தியம் வாங்கிக்கினு கீறா."

"வீங்கின மூஞ்சியோட வந்தா தெரியாதா இன்னா? குடு வில்லைய, எனக்கு இன்னிக்கு லீவுதான். பூமாரி கைல பெரம்பூர் போறேன்னு சொல்லிக்கிறேன்."

3

(தாமோதரனுக்கு இன்னும் இரண்டு வரி கொடுத்திருக்கலாம். அவசரப்பட்டுவிட்டேன்.)

பதினோரு மணிக்குப் பாரந்தூக்கியின் வடம் —

பதினோரு மணிக்கு —

வடம் அறுந்தது. கீழே கிடந்தவனை முகத்தால் அடையாளம் காண முடியவில்லை. இடுப்பிலிருந்த வில்லையைப் பார்த்து லூயிஸ் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள்.

4

ஐரீனை மடியில் போட்டுக்கொண்டு அன்றெல்லாம் அழுதவள் எதிர்வீட்டுப் பூமாரி, தாமோதரனின் மனைவி.

சாயங்காலம் ஒரு கண் வீங்கி, வாயெல்லாம் சிரிப்பாக லூயிஸ் வந்து நின்றான். பூமாரிதான் முதலில் பார்த்தாள்.

"அடியே ஐரீனு, எழுந்திருடி! முழுசா வந்து நிக்கிறாருடி உன் புருசன்! எந்தக் கஸ்மாலம் செத்துட்டாருன்னு சொன்னது?"

ஐரீன் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"உன் வில்லைய எவனோ தூக்கிக்கினு போயி செத்துகீறாண்ணே. அவன் பொண்டாட்டி எங்க குந்திக்கினு கீறாளோ, பாவம்."

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் லூயிஸ் சொல்லிவிடுகிறான். மற்றதில் தாமோதரன் பெரம்பூரிலிருந்து வருகிறான். வில்லையை அவன் வேறொருவனிடம் தள்ளிவிட்டிருந்தான். (இது கலப்படச் சரக்கு. அந்த வேறொருவனுக்கும் ஒரு வீடு இருக்கும்.)

இடம் மாறிய இரண்டு ஹீலிய அணுக்களில் எது எது என்று கேட்க வழியில்லை. இந்தச் சந்தில் கேட்பார்கள்.

பூமாரி தண்ணீர் மொண்டு நீட்டுகிறாள்.

"குடிண்ணே. எங்க வூட்டுக்காரு வரட்டும். இந்தக் கூத்தச் சொன்னா வவுறு வலிக்கச் சிரிப்பாரு."

லூயிஸ் சொம்பை வாங்கவில்லை. எதிர்வீட்டுக் கதவையே பார்க்கிறான். எனக்குக் கை ஓடவில்லை. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்து. அவள் சிரித்து முடிக்கட்டும்.